மூலை வீட்டம்மாவின் அளவு

அத்தியாயம் 11

போன வாரம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. தவறாமல் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நம்ம டிரைவர் பத்தொன்பது வருஷமாக ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவர். மூன்று மாசத்துக்கு முன்னால் நடந்த மெடிக்கல் டெஸ்டில் அவருடைய பிரஷர் நூற்றி எழுபத்தெட்டுக்கு நூற்றிப் பன்னிரண்டு. "ஐயா, இந்த நம்பரோட ஐம்பது உயிரை உங்க கையில குடுக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைக்கே பஸ் சாவி போனது. டெப்போவின் பின்பக்கம், பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை வைக்கும் அறைக்கு அவரை மாற்றிவிட்டார்கள். முந்நூறு குடை, ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட். பத்தொன்பது வருஷம் ரோட்டைப் பார்த்த மனுஷன், மூன்று மாசமாகப் பல்செட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி தையல்காரம்மா. வீட்டு முன்னறைதான் கடை. அவள் இந்த மூன்று மாசமும் செய்ததைப் போர் என்றுதான் சொல்ல வேண்டும்.

உப்பு டப்பா மேல் அலமாரிக்குப் போனது. சிகரெட் பாக்கெட் குப்பைத் தொட்டிக்குப் போனது. காலையில் ஒரு மாத்திரை, அப்புறம் மகளோடு முக்கால் மணி நேரம் நடை. ராத்திரி ஷிஃப்டில் பேக்கரி வேலை பார்க்கும் அவள் தம்பி தினமும் கொண்டுவருகிற உப்பு பிஸ்கட் பாக்கெட்டுகளை வாசலிலேயே பறிமுதல் செய்தாள். கையில் கட்டிப் பார்க்கிற பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கிவந்து, "அளவு எடுக்கிறது என் தொழில், இதுல வேற யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். எடுத்த அளவையெல்லாம் தன் தையல் நோட்டிலேயே எழுதினாள். முழுக்கை இருபத்தி மூணு, கழுத்து பதினஞ்சு, அதுக்குக் கீழே புருஷனின் பிரஷர்.

மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல். பேச்சில் அவளை ஜெயித்தவர் கிடையாது. வேறு ஊரில் சட்டக் கல்லூரியில் நிஜமாகவே இடம் கிடைத்துவிட்டது, வருகிற திங்கட்கிழமை ரயில்.

ஆனால் இன்றைய நாள் டிரைவருடையது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட சான்றிதழ் மாலை ஐந்து மணிக்குள் டெப்போவுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் ஏழாம் நம்பர் மறுபடி அவருக்கு. சேராவிட்டால் அடுத்த ஆறு மாசத்துக்கான டூட்டிப் பட்டியலை மூடிவிடுவார்கள், பஸ் இன்னொருவர் கைக்குப் போய்விடும். அப்புறம் பல்செட்தான்.

*

"கையைத் தூக்குங்க. இறக்குங்க. எங்கேயாவது இறுக்குதா?"

"இல்லம்மா."

"டாக்டர் சுருட்டச் சொன்னா இந்தக் கை தோள் வரைக்கும் லேசா போகும். சட்டைக் கை இறுக்கினாலே பிரஷர் ஏடாகூடமா காட்டுமாம். அதுக்காகத்தான் ரெண்டு இன்ச் கூட வெச்சுத் தெச்சிருக்கேன்."

மெடிக்கல் டெஸ்டுக்கென்றே புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போகிற ஆள் இந்த உலகத்தில் நம்ம டிரைவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

"காபி குடிக்காதீங்க. உள்ள போறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிடுங்க. கால் மேல கால் போடாதீங்க. அளவு எடுக்கும்போது வாயைத் திறக்காதீங்க."

"மூச்சு விடலாமா?"

"விடுங்க. மெதுவா விடுங்க."

கீழே உட்கார்ந்து சட்டை நுனியில் தொங்கிய நூலைக் கத்தரித்தவள், எழுந்திருக்கும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. விடிஞ்சதுலேருந்து எட்டு யூனிஃபார்ம் வெட்டியிருக்கேன், இடுப்பு விட்டுப் போச்சு. கிளம்புங்க."

மகள் பிரஷர் மெஷினைத் துணிப்பையில் போட்டாள். அதைப் பார்த்ததும் தையல்காரம்மாவின் முகம் லேசாக மாறியது.

"மெஷின் எதுக்கு? நீதான் ஒரு வாரத்து நம்பரையும் தாள்ல எழுதிட்டியே."

"டாக்டர் கொண்டுவரச் சொன்னாங்கம்மா. சரியா காட்டுதான்னு பார்ப்பாங்களாம்."

"அவ்வளவுதானே? வேற ஒண்ணும் பார்க்க மாட்டாங்களே?"

"மெஷினைத் திருப்பிப் போட்டு என்னத்தைம்மா பார்ப்பாங்க?"

தையல்காரம்மா தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் இதையெல்லாம் பார்த்தார். ஆனால் மனசு முழுக்க ஏழாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்ததால், பார்த்ததைக் கவனிக்கவில்லை.

*

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுகிற ரகம். ஆனால் நம்பர் என்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

டிரைவரை ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்தார். முதுகு நாற்காலியில், பாதம் தரையில், கை மேஜைமேல். அப்புறம் ரெண்டு தடவை அளவு எடுத்தார்.

"நூத்தி இருபத்தெட்டுக்கு எண்பது. அடுத்தது நூத்தி இருபத்தாறுக்கு எண்பத்திரண்டு. பரவாயில்லையே!"

டிரைவருக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. ஆடினால் மறுபடி ஏறிவிடுமோ என்று பயந்து உட்கார்ந்தபடியே கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

"சிகரெட்?"

"மூணு மாசமாச்சு, டாக்டர்."

"உப்பு?"

"அது எப்படியிருக்கும்னே மறந்து போச்சு."

"மாத்திரையைத் தவறாம சாப்பிடறீங்களா?"

"தவறவிட்டா என் வீட்டம்மா தூங்கவிட மாட்டா."

டாக்டரம்மா சிரித்தார். சான்றிதழை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா முனை தாளுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான், "எங்கே, அந்த மெஷினைக் குடுங்க. அதையும் பார்த்துடுவோம்" என்றார்.

தன் கருவியோடு ஒப்பிட்டார். சரியாகத்தான் காட்டியது. பிறகு பக்கவாட்டில் இருந்த ஒரு குட்டி ஸ்விட்சைக் காட்டினார்.

"இது ஒண்ணுலயே இருக்கே, எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாம் டாக்டர். ஒண்ணுன்னா இடது கை, ரெண்டுன்னா வலது கை. நமக்கு எப்பவும் இடது கைதான்."

"யார் சொன்னா?"

"என் மச்சான்."

"அவர் என்ன வேலை பார்க்கிறார்?"

"பன் சுடுறார்."

"நல்ல பன்னா சுடட்டும். இது இடது வலது இல்லைங்க. ஒரு வீட்டுல ரெண்டு பேர் பார்க்கிறதா இருந்தா, இவரோடது ஒண்ணுல, அவங்களோடது ரெண்டுல தனித்தனியா சேரும். இந்த மெஷின் எடுத்த அளவையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கும். இதோ, இந்த பட்டனை அமுக்கினா..."

அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"பொண்ணே, உன் தாள்ல ஞாயித்துக்கிழமை காலைல என்ன எழுதியிருக்கே?"

"ஆறரை மணிக்கு நூத்தி இருபத்தொன்பது, எண்பத்திரண்டு."

"சரி. ஏழேகாலுக்கு?"

"ஏழேகாலுக்கு நாங்க எடுக்கவே இல்லையே."

"மெஷின் எடுத்திருக்கே. நூத்தி அறுபத்தி நாலு, நூத்தி ரெண்டு. திங்கள் ஏழேகால், நூத்தி ஐம்பத்தெட்டு, தொண்ணூத்தெட்டு. செவ்வாய் ஏழு இருபது, நூத்தி எழுபது, நூத்தி நாலு. இப்படியே மூணு வாரமா இருக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"நல்ல நம்பரை எழுதிட்டு, கெட்ட நம்பரை மறைக்கிறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன், ஐயா."

"ஐயையோ டாக்டர், சத்தியமா நான் இல்ல! ஏழேகாலுக்கு நான் தெருவுல நடந்துட்டு இருப்பேன்!"

"நானே சாட்சி" என்று வக்கீல் எழுந்து நின்றாள். "தினமும் ஏழு மணிலேருந்து ஏழே முக்கால் வரைக்கும் அப்பாவோட நான் இருக்கேன். ஒரு நாள் கூட விட்டதில்ல."

டாக்டரம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினார் என்றுதான் தோன்றியது. ஆனாலும் பேனா திறக்கவில்லை.

"அப்படின்னா உங்க வீட்டுல வேற யாரோ திருட்டுத்தனமா அளந்து பார்க்கிறாங்க. அது யாருன்னு தெரியாம இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. சான்றிதழை விடுங்க. மூணு வாரமா இந்த நம்பரோட ஒரு ஆள் வாயைத் திறக்காம நடமாடிட்டு இருந்தா, எனக்கு அதுதான் பெரிய கவலை. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க."

*

திரும்பி வருகிற வழியில் வக்கீல் வழக்கை நடத்தி, தீர்ப்பையும் எழுதிவிட்டாள்.

"மாமாதான். வேற யாரு? பேக்கரி முடிஞ்சு ஏழு மணிக்கு வர்றார். ஏழரைக்குத் தூங்கிடறார். நடுவுல ஏழேகால். போதாததுக்கு உப்பு பிஸ்கட் மூட்டை."

"கரெக்ட்!" என்றார் டிரைவர். மச்சான் மேல் பாசமும் கோபமும் ஒரே நேரத்தில் வந்தன. "படுபாவி, என் கையெழுத்தைத் தின்னுட்டானே!"

முன்னறையில் தையல்காரம்மா யாரோ ஒரு பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். "என்னாச்சுங்க?" என்றாள். "வந்து சொல்றேன்" என்று கையை ஆட்டிவிட்டு அப்பாவும் மகளும் நேராகப் பின்னறைக்குப் போனார்கள்.

மச்சான் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, எழுந்திரு. கைது."

"ம்? பன் தீஞ்சிடுச்சா?"

எழுப்பி, சுவரில் சாய்த்து, பாதத்தைத் தரையில் வைத்து, ஐந்து நிமிஷம் வாயை மூடச் சொன்னார்கள். மனுஷன் அந்த ஐந்து நிமிஷத்தில் மறுபடி தூங்கிவிட்டார். அளவு எடுத்தார்கள்.

நூற்றிப் பதினெட்டுக்கு எழுபத்தாறு.

"என்னது?" டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். இன்னொரு தடவை எடுத்தார்கள். நூற்றிப் பதினாறு.

விஷயத்தைக் கேட்டதும் மச்சானுக்குத் தூக்கம் போய்ப் பெருமை வந்துவிட்டது. "பார்த்தீங்களா மாமா? ராத்திரி பூரா மாவு பிசையற உடம்பு! என்னைப் போயி சந்தேகப்பட்டீங்களே!"

"பிஸ்கட் பிஸ்கட்டா திங்கறே, உனக்கு எப்படிடா ஏறாம இருக்கு?"

"நான் எங்க தின்னேன்? வாசல்லயே அக்கா பிடுங்கி வெச்சுக்கறா. ஒரு பாக்கெட் கூட என் கைக்குத் திரும்பி வந்ததில்ல. நானும் மூணு மாசமா கேட்டுக்கிட்டேதான் இருக்கேன், அதெல்லாம் எங்கதான் போகுது?"

மூன்று பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முன்னறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

"சேச்சே" என்றார் டிரைவர். "அவளா? மூணு மாசமா என்னைப் பம்பரமா ஆட்டி வெச்சவ. அவளுக்கெல்லாம் ஒண்ணும் வராது."

சொல்லும்போதே அவர் குரல் பாதியில் தேய்ந்தது. காலையில் கதவு நிலையைப் பிடித்த கை ஞாபகம் வந்தது.

வக்கீல் சத்தமில்லாமல் போய் அலமாரியிலிருந்து தையல் நோட்டை எடுத்து வந்தாள். பக்கங்களைப் புரட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அளவுகள், அப்பாவின் பிரஷர், மறுபடி பிள்ளைகள். கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, இது யாரு? 'மூலை வீட்டம்மா. மார்பு நூத்தி அறுபத்தி நாலு. இடுப்பு நூத்தி ரெண்டு.'"

"இன்ச்சா?"

"அம்மா எல்லாத்தையும் இன்ச்லதானே எடுப்பா?"

"இடுப்பு நூத்தி ரெண்டு இன்ச்சா!" டிரைவர் வாயைப் பிளந்தார். "அடியே, நம்ம பஸ்ஸோட அகலமே நூறு இன்ச்தான்! அந்தம்மாவுக்குத் துணி தைக்கிறாளா, கூடாரம் அடிக்கிறாளா?"

மச்சான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். வக்கீலும் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தாள்.

"அதுக்குக் கீழே மறுபடி மூலை வீட்டம்மா. மார்பு நூத்தி ஐம்பத்தெட்டு, இடுப்பு தொண்ணூத்தெட்டு. அடுத்த நாள் நூத்தி எழுபது, நூத்தி நாலு."

சிரிப்பு நின்றது.

"மூலை வீடு பூட்டிக் கிடந்து ரெண்டு வருஷம் ஆச்சேக்கா..." என்றார் மச்சான், மருமகளை அக்கா என்று கூப்பிடுகிறோம் என்பதுகூடத் தெரியாமல்.

*

பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் திரும்ப மாட்டார், கண்ணாடியைப் பார்ப்பார்.

முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு, துணி போட்டுப் பார்க்கிறவர்களுக்காக. டிரைவர் வந்து அதற்கு முன்னால் நின்றார். அதில் மனைவி முதுகு வளைந்து தைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மூன்று மாசமாக அவர் இந்தக் கண்ணாடியில் தன் தொப்பை குறைகிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தார். அவள் கண்ணுக்குக் கீழே இத்தனை கறுத்துப் போனது எப்போது?

"கையெழுத்து ஆச்சா?" தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மூலை வீட்டம்மா துணி வாங்க எப்போ வர்றாங்க?"

தையல் மெஷின் நின்றது.

"அது... அடுத்த வாரம்."

"இடுப்பு நூத்தி ரெண்டாமே. இந்த வாசப்படிக்குள்ள எப்படி நுழைஞ்சாங்க?"

தையல்காரம்மா கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.

தையல் மெஷின் டிராயரை இழுத்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவே காலி உப்பு பிஸ்கட் பாக்கெட்டுகள்.

"தம்பிகிட்டேருந்து பிடுங்கினேன். தூக்கிப் போட மனசு வரல. தைக்கும்போது ஒண்ணு ஒண்ணா... ஒரு பாக்கெட் முடிஞ்சு போயிருக்கும், எனக்கே தெரியாது. மூணு வாரத்துக்கு முன்னாடி தலை கிறுகிறுன்னு வந்துச்சு. சும்மா கட்டிப் பார்ப்போமேன்னு பார்த்தேன். நூத்தி அறுபதைத் தாண்டிப் போச்சு. பயந்து போயிட்டேன்ங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பயப்படுவீங்க. பயந்தா உங்களுக்கு ஏறும். ஏறினா பஸ் போயிடும். அவகிட்ட சொன்னா அவ காலேஜுக்குப் போக மாட்டேன்னு உட்கார்ந்துடுவா. உங்க கையெழுத்து முடியட்டும், அவ ரயில் ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு..." மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பாழாப்போன மெஷின் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும்னு யாருக்குத் தெரியும்?"

டிரைவருக்குக் கோபம் வந்தது. என் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டவளை, நான் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று, தன் மேலேயே. கையிலிருந்த மெஷினின் பட்டையை எடுத்து அவள் கையில் கட்டினார்.

"உட்காரு. முதுகைச் சாய்ச்சுக்கோ. பாதம் தரையில. அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது."

"கொக்கி வெக்க ஒரு பாவாடை பாக்கி இருக்குங்க, அந்தப் பொண்ணு மூணு மணிக்கு..."

"உஷ்."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"அம்மா!" வக்கீல் வாசலில் நின்றபடி ஒரு அதட்டுப் போட்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்த வீட்டில் தையல் மெஷினும் தையல்காரம்மாவும் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

நூற்றி அறுபத்திரண்டு. நூறு.

"கிளம்பு" என்றார் டிரைவர்.

"அந்தப் பாவாடை..."

"நான் வெக்கிறேன்" என்றார் மச்சான். "கொக்கிதானே? மாவுல பூவே வெக்கிறேன், துணியில கொக்கி வெக்க மாட்டேனா?"

*

மூன்றரை மணிக்கு டாக்டரம்மா தையல் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், தலைமேல் இருந்த கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கி வந்துவிட்டது.

"உங்க புருஷனுக்கு நீங்க பார்த்த வைத்தியத்துல ஒரு குறையும் இல்லம்மா. அதே வைத்தியத்தை உங்களுக்கும் பார்த்திருக்கணும், அவ்வளவுதான்" என்றார். ஒரு தடவை ஏறினால் பதற வேண்டாம், ஆனால் மூன்று வாரமாக இறங்காமல் நிற்பதை விடக் கூடாது என்று சொல்லி, அங்கேயே மறுபடி அளந்து பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், மாத்திரை எழுதினார், பத்து நாளில் திரும்ப வரச் சொன்னார். "தலை சுத்தினா தையலை நிறுத்திட்டு யார்கிட்டயாவது சொல்லணும். மறைக்கக் கூடாது. நெஞ்சு வலிச்சாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்துப் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

"பிஸ்கட்?"

"விட்டுட்டேன் டாக்டர்."

"எப்போ?"

"இப்போ."

அப்புறம் டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை மூடுவதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது.

நாலே முக்காலுக்கு டூட்டி அதிகாரி மேஜையில் சான்றிதழ் வந்து சேர்ந்தது. அவர் தாளைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், கதவருகே நின்ற குடும்பத்தையும் பார்த்தார். பிறகு டிராயரிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாளைலேருந்துதான் உங்க பேர் போடணும். ஆனா ஆறு மணி ட்ரிப்காரனுக்குப் பல்வலி, கன்னம் வீங்கிப் போய் உட்கார்ந்திருக்கான். எடுக்கிறீங்களா?"

"பல்செட் வேணும்னா நம்ம ரூம்ல ஒண்ணு இருக்கு சார்" என்றார் டிரைவர். அதிகாரி சிரிப்பதற்குள் சாவி அவர் கைக்குப் போய்விட்டது.

*

ஆறு மணிக்கு ஏழாம் நம்பர் டெப்போவை விட்டு வெளியே வந்தது. முதல் சீட்டில் தையல்காரம்மா. கடைசி சீட்டில், ஜன்னலோரம், வக்கீல்.

ஸ்டியரிங்கைத் தொட்டதும் டிரைவரின் கை அதுபாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத்துக்கு நிறுத்தம், ஏறியவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். "அட, நம்ம ஆளு! எங்கேய்யா போயிருந்தே இத்தனை நாளு?" தினமும் காய்கறிக் கூடையோடு ஏறும் ஒரு பெரியவர் ஒரு முழு பூசணிக்காயைத் தூக்கி அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். டிரைவருக்கு வாய் காதுவரைக்கும் போனது. இத்தனை சந்தோஷத்தில் பிரஷர் ஏறாதா என்று முதல் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மூச்சை மெதுவா விடுங்க!"

சந்தை நிறுத்தத்தில் வழக்கம்போல் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். கடைசி சீட்டில் மகள் மடியில் கல்லூரிக் கடிதம். அதை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். தோள்பையின் அடியில் திணித்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

கண்ணாடியில் பார்த்ததை இனிமேல் அவர் கவனிக்காமல் விடுவதாக இல்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். திரும்புவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. மகள் தண்ணீர் வாங்கக் கீழே போனாள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு முதல் சீட்டுக்கு வந்தார். பையிலிருந்து மெஷினை எடுத்தார்.

"இங்கேயா? யாராவது பார்த்தா என்னங்க நினைப்பாங்க?"

"பார்க்கட்டும். மூணு மாசம் நீ எனக்குப் பார்த்தே. இனிமே இது என் டூட்டி."

அவள் கையில் பட்டையைக் கட்டினார். பக்கவாட்டில் இருந்த குட்டி ஸ்விட்சை ஒன்றிலிருந்து ரெண்டுக்குத் தள்ளினார். இந்தத் தடவை அவள் ஐந்து நிமிஷமும் பேசவே இல்லை, தலையை மட்டும் அவர் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்படிச் சாயக் கூடாது என்று டிரைவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

நூற்றி ஐம்பத்தி நாலு. தொண்ணூற்றாறு.

"இன்னும் ஜாஸ்திதான்" என்றாள்.

"இருக்கட்டும். எனக்கு நூத்தி எழுபத்தெட்டு இருந்துச்சு. இறக்கினது யாரு?"

தையல் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'மூலை வீட்டம்மா' என்று எழுதியிருந்த இடத்தில் 'மூலை' என்ற ஒரு வார்த்தையை மட்டும் அடித்தார். அதற்கு மேலே, கொஞ்சம் கோணலான கையெழுத்தில், 'என்' என்று எழுதினார்.